மூன்று நிற நாடாவும் ஒரு கேள்வியும்

ஜேர்மனியின் தேசியக் கொடியில் கறுப்பு, சிவப்பு, பொன் என மூன்று நிறங்கள் இருப்பதை உலகக்கிண்ண உதைபந்தாட்டம் பார்த்தவர்கள் எல்லோரும் அறிவர். அந்த நிறங்கள் ஓர் அரச வம்சத்திடமிருந்து வந்தவையல்ல. போர்முனையிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள் தமது சங்கத்துக்கென வைத்துக்கொண்ட அடையாளத்திலிருந்து வந்தவை. இதனை அறிந்தவர்கள் குறைவு. ஜேர்மனியிலேயே பலருக்கு இது பாடசாலைப் புத்தகத்தோடு மறந்துபோன செய்தி.

1813ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகளுக்கு எதிராகப் பிரஷ்யா எழுந்தபோது, லூட்சோ என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு தொண்டர் படை திரட்டப்பட்டது. அதில் மாணவர்கள் பலர் சேர்ந்தனர். அரசாங்கம் அவர்களுக்குச் சீருடை கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பல நிற உடுப்புகளை ஒரே மாதிரி ஆக்குவதற்கு இருந்த எளிய வழி, எல்லாவற்றையும் கறுப்புச் சாயத்தில் தோய்ப்பதுதான். அதற்குச் சிவப்பு ஓரம் வைத்தார்கள்; பித்தளைப் பொத்தான்கள் பொன்னாக மின்னின. வறுமையும் அவசரமும் சேர்ந்து தைத்த சீருடை அது.

போர் முடிந்தது. 1815ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி யேனா நகரின் விடுதியொன்றில் மாணவர்கள் கூடிப் 'புர்ஷென்ஷாப்ட்' என்ற சங்கத்தை நிறுவினார்கள். இளைஞர் கூட்டு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அதுவரை மாணவர்கள் தத்தம் சிற்றரசு, மாகாணம் என்று ஊர்ச் சங்கங்களாகப் பிரிந்து ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்தனர். இனி ஊர்வாரிச் சங்கம் வேண்டாம், எல்லோரும் ஒரே நாட்டின் பிள்ளைகள் என்பதே புதிய சங்கத்தின் கொள்கை. நாடு என்ற ஒன்று அப்போது வரைபடத்தில் இருக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது அரசுகளே இருந்தன. இல்லாத நாட்டுக்கு அவர்கள் முதலில் நிறத்தைக் கண்டுபிடித்தார்கள். அது தாங்கள் போட்டிருந்த சீருடையின் நிறம். அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி யேனா நகரத்துப் பெண்கள் அச்சங்கத்துக்கு ஒரு கொடியைப் பரிசளித்தனர். சிவப்பு, கறுப்பு, சிவப்பு எனப் பட்டைகள். நடுவில் பொன்னிறத்தில் ஓர் ஓக் மரக்கிளை. கொடியைக் கொடுத்த பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. இதனைப் பிறகும் நினைக்கவேண்டி வரும்.

1817ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி, ஐசனாக் நகருக்கு மேலேயுள்ள வார்ட்பேர்க் கோட்டைக்கு ஏறத்தாழ ஐந்நூறு மாணவர்கள் அந்தக் கொடியுடன் ஊர்வலமாகச் சென்றனர். மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்துக்கு முந்நூறு ஆண்டு நிறைவும், லைப்சிக் போர் வெற்றியின் நான்காம் ஆண்டு நினைவும் அன்று ஒன்றாகக் கொண்டாடப்பட்டன. இரவில் தீ மூட்டி, பழைய ஆட்சியின் சின்னங்களை எரித்தார்கள். பிரஷ்யக் குதிரைப்படையினனின் இடுப்புக் கச்சு, ஹெஸ்ஸன் படையினனின் செயற்கைச் சடை, ஒஸ்திரியக் கோப்ரலின் பிரம்பு ஆகிய மூன்றும் தீயில் வீசப்பட்டன. இராணுவச் சின்னத்தின் வலிமையை இராணுவத்தில் இருந்தவர்களே நன்கு அறிவார்கள். தாம் வெறுத்த சின்னத்தை எரித்தார்கள். தாம் விரும்பியதைத் தோளிற் போட்டுக்கொண்டார்கள்.

அதே தீயில் நூல்களும் எரிக்கப்பட்டன. உண்மையில் எரிந்தவை நூல்களின் தலைப்புகள் எழுதப்பட்ட பழைய காகிதக் கட்டுகள்தான். அவற்றுள் ஒன்று சவுல் ஆஷர் என்ற பேர்லின் யூத எழுத்தாளருடையது. ஜேர்மன் வெறி என்ற ஒன்று வளர்ந்து வருகிறது, அது யூதரை வெளியே தள்ளும் என்று 1815ஆம் ஆண்டிலேயே எச்சரித்த சிறு நூல் அது. எச்சரித்தவனின் நூலை எரித்து அவன் எச்சரித்ததை உறுதிப்படுத்தினார்கள் என்றே நான் இதனை வாசிக்கிறேன். விடுதலைக்கான நாடாவில் அந்த முதற் கறை பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே விழுந்துவிட்டது.

ஆயினும் அந்த நாடாவுக்காக இளைஞர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1819ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி, மன்ஹைம் நகரில் கொட்செபூ என்ற நாடகாசிரியரைச் சாண்ட் என்ற இறையியல் மாணவன் குத்திக் கொன்றான். அவன் இச்சங்கத்தைச் சேர்ந்தவன். ஆட்சியாளர் காத்திருந்த வாய்ப்பு அது. அவ்வாண்டு செப்ரெம்பரில் வந்த கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள் சங்கத்தைத் தடைசெய்தன, பேராசிரியர்களைக் கண்காணித்தன, பத்திரிகைகளுக்கு முன்தணிக்கையை விதித்தன. 320 பக்கங்களுக்குக் குறைந்த எந்த வெளியீடும் அச்சாகுமுன் தணிக்கை அதிகாரியிடம் போகவேண்டும். தடித்த புத்தகத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள், மெல்லிய தாள்தான் ஆபத்தானது என்று அந்த அதிகாரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் தணிக்கையாளரின் சிவப்புப் பேனையைக் கண்ட என் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும்.

அதன் பின்னர் மூன்று நிற நாடா ஒரு குற்றச் சான்றாயிற்று. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற நாவலாசிரியர் பிரிட்ஸ் ரொய்ட்டர், யேனாவில் அச்சங்கத்தில் இருந்தார் என்பதற்காக மரணதண்டனை பெற்றார். அது முப்பது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டு, 1840ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார். 1832ஆம் ஆண்டு மே மாதம் ஹம்பாக் கோட்டையடியில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியபோது, மாணவரின் நிறங்கள் மக்களின் நிறங்களாகிவிட்டிருந்தன. 1848ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி, புரட்சியின் அழுத்தத்தில், தடைசெய்தவர்களின் சமஷ்டிப் பேரவையே அவற்றை ஜேர்மன் நிறங்களாக அறிவித்தது. இருபத்தொன்பது ஆண்டுகளில் குற்றம் கொடியாயிற்று.

*

இந்தக் கதையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் 2014ஆம் ஆண்டு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் எண்பதுகளின் கடைசியில் அகதியாக ஜேர்மனி போனவன். அவனுடைய மகன் அங்கே பிறந்து, அவ்வாண்டு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தான்.

"மச்சான், பெடியனுக்கு ஒரு அறை கிடைச்சிருக்கு. கம்பஸுக்குப் பக்கத்திலை, வாடகையும் மலிவு. ஆனா வீட்டுச் சுவரெல்லாம் வாள் தொங்குது. தொப்பியும் நாடாவும் போட்ட ஆக்களின்ரை பழைய படங்கள். நீ பேப்பர்க்காரன், இது என்ன கூட்டம் எண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லு" என்றான். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னான்: "சீருடைக்கும் ஆயுதத்துக்கும் பயந்து ஓடிவந்தவன் நான். என்ரை பிள்ளை தானா அதுக்குள்ளை போய் நிக்கப் போறானோ?"

அவன் கண்டது மாணவர் சகோதரச் சங்கமொன்றின் வீடு. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் இத்தகைய வீடுகள் இன்றும் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாம் ஒரே வகையல்ல. அரசியல் வேர்கொண்டவை புர்ஷென்ஷாப்ட்கள். 'கோர்' எனப்படுபவை அவற்றிலும் பழைய மரபு; அரசியல் பேசுவதில்லை என்பது அவற்றின் விதி. பிஸ்மார்க் கெட்டிங்கன் நகரின் கோர் ஒன்றில் இருந்தவர். கத்தோலிக்கச் சங்கங்கள் வேறு. அவை வாளைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஏனெனில் சின்னங்களின் இலக்கணம் ஒன்றுதான்.

அந்த இலக்கணம் சுவையானது. முதலாவது பட்டு நாடா. வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக இறங்கும். எங்கள் ஊரிற் பூணூல் இடது தோளிலிருந்து வலப்புறம் இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கண்ணாடியிற் பார்த்ததுபோல இருக்கும். புதிதாகச் சேர்ந்தவனை 'நரி' என்பார்கள். அநேக சங்கங்களில் அவனுக்கு இரண்டு நிற நாடா. சோதனைக் காலம் முடித்து முழு உறுப்பினனானால் மூன்றாவது நிறமும் சேரும். நரிக்கு வழிகாட்டியாக மூத்த மாணவன் ஒருவன் இருப்பான். இருவரும் தத்தம் நாடாவின் துண்டொன்றை உலோகப் பூணிட்டு மாற்றிக்கொள்வார்கள். அதை இடுப்பிற் தொங்கவிடுவார்கள். தொப்பிக்குத் தனி வடிவம், தனி நிறம்.

அடுத்தது 'சிர்க்கெல்'. சங்கப் பெயரின் முதலெழுத்தையும், வாழ்க, வளர்க, மலர்க என்ற பொருள்தரும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளையும் ஒரே கோட்டில் பின்னி எழுதும் முத்திரை அது. இறுதியில் ஒரு வியப்புக்குறி. உறுப்பினன் கையொப்பமிடும்போது பெயருக்குப் பின்னால் இதனையும் இடுவான். பதவியிலிருப்பவன் அதற்கருகே பெருக்கற் குறி போன்ற ஒன்றையோ, இரண்டையோ, மூன்றையோ சேர்ப்பான். எழுத்தைப் பார்த்தே எவன் எந்த வீட்டில் எந்தப் பதவியில் இருந்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

விழா நாட்களில் பதவியினர் முழு உடை தரிப்பர். மார்பிற் குறுக்குக் கயிறுகள் வைத்த 'பெக்கேஷெ' என்ற குறுஞ்சட்டை, வெள்ளைக் காற்சட்டை, முழங்காலுக்கு மேலேறும் சப்பாத்து, இடுப்பில் வாள். 1813ஆம் ஆண்டின் படைவீரன் அணிவகுப்பிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் வந்து நிற்பதுபோன்ற தோற்றம்.

கடைசிச் சின்னம் துணியில் இல்லை, முகத்தில் இருக்கிறது. 'மென்சூர்' என்ற வாட்போட்டியில் வெவ்வேறு சங்கத்து மாணவர் இருவர் எட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்பார்கள். கண்ணுக்கும் கழுத்துக்கும் உடம்புக்கும் காப்பு உண்டு. கன்னத்துக்கும் தலைக்கும் இல்லை. வென்றவன், தோற்றவன் என்று எவரும் இல்லை. தலையைப் பின்னுக்கு இழுத்தவனுக்குத்தான் அவமானம். மார்க் ட்வெயின் 1880ஆம் ஆண்டு வெளியான தமது பயண நூலில் ஹைடல்பேர்க் நகரிற் கண்ட இந்தப் போட்டிகளை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே பெறும் வடுவுக்கு 'ஷ்மிஸ்' என்று பெயர். ஒரு காலத்தில் அது வைத்தியர், நீதிபதி, அதிகாரி என்ற வர்க்கத்தின் அடையாள அட்டை. 1953ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம், இணங்கி நிற்கும் இருவருக்கிடையில் காப்புகளுடன் நடக்கும் இந்தப் போட்டி தண்டனைக்குரியதல்ல என்று தீர்ப்பளித்தது.

பிறிதொரு பயணத்தின்போது ஹைடல்பேர்க்கில் பழைய மாணவர் சிறையைப் பார்க்கக் கிடைத்தது. குடித்துக் கூத்தடித்தவர்களையும் காவலரை ஏமாற்றியவர்களையும் பல்கலைக்கழகமே அடைத்து வைத்த அறைகள். 1914ஆம் ஆண்டு வரை பயன்பட்டவை. சுவரும் கூரையும் இடைவெளியின்றிச் சித்திரங்கள். கரிய நிழலுருவங்கள், ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி மட்டும் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ தீட்டப்பட்டிருந்தது. முகம் கரியாகவும் தொப்பி நிறமாகவும் இருந்த அந்தச் சுவரின் முன் நான் நெடுநேரம் நின்றேன். ஆள் யார் என்பது தேவையில்லை, எந்தச் சங்கம் என்பது தெரிந்தாற் போதும் என்று அந்தப் பையன்களே வரைந்து வைத்திருந்தார்கள்.

*

இனி அந்த நாடாவின் மற்றப் பக்கம். தியோடோர் ஹெர்ட்சல் என்ற சட்ட மாணவர் 1881ஆம் ஆண்டில் வியன்னாவின் அல்பியா என்ற சங்கத்திற் சேர்ந்தார். வாட்போட்டியிலும் நின்றார். 1883ஆம் ஆண்டில் இசைமேதை வாக்னரின் நினைவுக்கூட்டம் யூத வெறுப்புக் கூட்டமாக மாறியதையடுத்து விலகினார். பின்னாளில் சியோனிச இயக்கத்தை நிறுவியவர் அவர்தான். 1896ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் வாளேந்தும் சங்கங்களின் கூட்டமைப்பொன்று வைட்ஹோஃபன் தீர்மானம் எனப்படும் ஒன்றை நிறைவேற்றியது. யூதனுக்கு மானம் என்ற ஒன்று பிறப்பிலேயே இல்லை, ஆகவே அவன் வாளேந்தி மானத்தை நிலைநாட்டக் கேட்க முடியாது என்பது அதன் சாரம். அடிப்பதைவிடக் கொடியது அது. அடிவாங்கும் தகுதியும் உனக்கில்லை என்று சொல்வது.

யூத மாணவர்கள் தந்த பதில் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வியன்னாவில் கதிமா, பிரெஸ்லவ் நகரில் வியாட்ரினா எனத் தமக்கென்று சங்கங்களை அமைத்து, தமக்கென நாடாவும் தொப்பியும் வைத்து, வாளும் பழகினார்கள். தம்மை ஒதுக்கியவர்களின் சின்ன மொழியிலேயே அவர்களுக்குப் பதில் சொன்னார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

1935ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி, முதல் விழாவின் அதே நாளில், அதே வார்ட்பேர்க் கோட்டையில், புர்ஷென்ஷாப்ட் கூட்டமைப்பு தன் நிறங்களை இறக்கி, நாஸி மாணவர் அமைப்பிடம் தன்னை ஒப்படைத்தது. எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. யூதத் தொடர்புடைய தம் உறுப்பினரை நீக்க மறுத்த கோர்கள் சில இருந்தன. அவற்றைத் தம் கூட்டமைப்பே வெளியேற்றியது. தனிமனிதரிலும் அப்படித்தான். கிராஸ் நகரின் அர்மீனியா சங்கத்து நாடா அணிந்த கால்ற்றென்புறுன்னர், நாஸிப் பாதுகாப்புத் துறையின் தலைவராகி 1946இல் நியூரம்பேர்க்கில் தூக்கிலிடப்பட்டார். கெட்டிங்கன் சக்சோனியா கோரின் நாடா அணிந்த ஆதாம் பொன் ட்றொட், ஹிட்லரைக் கொல்லும் சதியில் பங்குகொண்டு 1944இல் தூக்கிலிடப்பட்டார். சங்கங்கள் வேறு; தோளில் நாடா விழும் பக்கம் ஒன்றுதான்.

நண்பன் தொலைபேசியிற் கேட்டதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம், இன்னொன்று நடந்திருந்தது. மன்ஹைம் நகரின் ஹன்சேயா என்ற சங்கம், சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஓர் இளைஞரை உறுப்பினராகச் சேர்த்திருந்தது. அவர் ஜேர்மனியில் பிறந்தவர். ஜேர்மன் இராணுவத்திற் சேவை செய்தவர். முறைப்படி வாட்போட்டியில் நின்றவர். அவரைச் சேர்த்ததற்காக ஹன்சேயாவையே கூட்டமைப்பிலிருந்து நீக்கவேண்டும் என்று பான் நகரின் சங்கமொன்று தீர்மானம் கொண்டுவந்தது. மாநாடு கூடிய இடம் ஐசனாக். கொடியேந்தி மாணவர்கள் ஏறிய அதே மலையின் அடிவாரம். செய்தி பத்திரிகைகளில் வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் தீர்மானம் மீளப்பெறப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பல சங்கங்கள் அந்தக் கூட்டமைப்பைவிட்டு வெளியேறின.

ஊர்ச் சங்கம் வேண்டாம், எல்லோரும் ஒன்று என்று பிறந்த நாடா, இருநூறு ஆண்டுகளில் கண்ணின் வடிவத்தைப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தது. யார் அணியலாம், யார் அணியக்கூடாது என்ற கேள்வியின் கனத்தைக் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் ஊரிலிருந்து வந்த எமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் நண்பனுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். "வாளைப் பார்த்துப் பயப்படாதே. தம்பியிடம் சொல், அந்த வீட்டாரிடம் ஒன்றைத்தான் கேட்கவேண்டும்: இந்த நாடாவை அணிய முடியாதவர் யார்?" என்பதே அதன் சுருக்கம். அவன் போய்க் கேட்டிருக்கிறான். அது கோர் வீடு. எந்த நாட்டவரும், எந்த மதத்தவரும் சேரலாம், வாட்போட்டி கட்டாயம், சேர விருப்பமில்லாவிட்டால் ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்றார்களாம். நண்பனுக்குப் பெரிய நிம்மதி. தோலின் நிறத்தை அவர்கள் பார்க்கவில்லை என்பதோடு அவனுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

மகனுக்கு முடியவில்லை. ஓராண்டு அங்கே இருந்தான். நல்ல பிள்ளைகள் என்றான். அவர்களிற் சிலர் இன்றும் அவனுக்குக் கூட்டாளிமார். ஆனால் நாடா வாங்காமல் வெளியே வந்துவிட்டான். ஏன் என்று தகப்பன் கேட்டதற்கு, "அப்பா, தங்கச்சி அடுத்த வருசம் கம்பஸுக்கு வாறாள். அவள் அந்த வீட்டுக்கு விருந்தாளியாத்தான் வரலாம்" என்று சொன்னானாம். யேனா நகரத்துப் பெண்கள் கொடுத்த கொடியைப் பற்றி நான் அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. கேள்வியை நான் கொடுத்தேன். எனக்கும் அவன் தகப்பனுக்கும் தோன்றாத பதிலை அவன் கண்டுபிடித்துக்கொண்டான்.

*

கறுப்பு, சிவப்பு, பொன் இப்போது ஜேர்மன் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவில் இருக்கிறது. 1933ஆம் ஆண்டில் நாஸிகள் இறக்கிய கொடியை 1949இல் மீண்டும் ஏற்றினார்கள். நண்பன் என்னை அழைத்த அதே 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரேசிலில் உலகக்கிண்ணத்தை வென்ற ஜேர்மன் அணியில் ஒசில், கெடிரா, பொவாற்றெங் போன்ற குடிவந்தவர்களின் பிள்ளைகள் இருந்தனர். அந்த இரவில் அக்கொடியைத் தோளிற் போர்த்துக்கொண்டு தெருவில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். நான்கு ஆண்டுகளின் பின் அணியைவிட்டு விலகிய ஒசில், வென்றால் நான் ஜேர்மானியன், தோற்றால் குடிவந்தவன் என்ற கருத்துப்பட எழுதினார்.

சங்கத்தின் நாடாவானாலும் தேசத்தின் கொடியானாலும் துணி ஒன்றுதான். 1813ஆம் ஆண்டில் அதைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்தவர்கள், வெவ்வேறு வீடுகளிலிருந்து வெவ்வேறு உடுப்போடு வந்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதற்காகவே தோய்த்தார்கள்.